வெள்ளிப் பூச்சு

கம்பனியிலிருந்து வி.ஏ. துரை வருகிறார் என்றால் அந்தத் தோட்டத்தில் பூச்சுப் படாத பொருள் மிஞ்சாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து, தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, கொழும்புக்குக் குறிப்பெழுதிவிட்டுப் போகிற பெரிய மனிதர் அவர். அவருக்காக ரோட்டோரக் கல்லுக்கு வெள்ளை, கேட்டுக்குப் பச்சை, தொழிலாளர் குடியிருக்கிற லயத்துச் சுவருக்கு மஞ்சள். மஞ்சளும் ரோட்டைப் பார்த்த சுவருக்கு மட்டும்தான். பின் சுவர் ஒழுகினால் என்ன, விழுந்தால் என்ன, ஜீப் அந்தப் பக்கம் திரும்பப் போவதில்லை. இந்த முறை தோட்டத்து முகாமையாளர் பெரியதுரைக்கு என்ன தோன்றியதோ, தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொரியின் பொனட்டைத் திறந்து உள்ளுக்கும் வெள்ளிப் பெயின்ட் அடிக்கச் சொன்னார். அடித்தார்கள். எஞ்சின், தண்ணீர்க் குழாய், பட்டரிப் பெட்டி, குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற அத்தனை வயரும் மின்னின.

தோட்டம் பொகவந்தலாவைக்கு மேலே இருக்கிறது. பெயரைச் சொன்னால் கம்பனிக்குக் கோபம் வரும், சொல்லாவிட்டால் கதைக்கு ஒரு நட்டமும் இல்லை.

அந்தப் பூச்சுக்குப் பதில் சொல்லத்தான் லொரி டிரைவர் யோகேஸ்வரன் ஒப்பீஸ் வாசலில் நின்றான். பத்து மணிக்கு விசாரணை. குற்றம் என்று முடிந்தால் தோட்டத்து ஆள்பதிவான செக்ரோலில் அவன் பேரை வெட்டிவிடுவார்கள். செக்ரோலில் பேர் இல்லாதவனுக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பராவும் இல்லை. மனைவி வினோதா டவுனில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள், தோட்டத்தில் அவளுக்குப் பேர் கிடையாது. ஆக, யோகேஸ்வரனின் பேரோடு வினோதாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் சட்டி பானையோடு ரோட்டுக்கு வர வேண்டியதுதான். காலையில் அவள் அவனுடைய சட்டையைத் தேய்த்துக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"கால்ல மட்டும் விழுந்துட்டு வராதீங்க. வேற என்னா ஆனாலும் பாத்துக்கலாம்."

"விழ மாட்டேன்," என்றான்.

அவனுக்கு வந்திருந்த கடிதம் இங்கிலீஷில் இருந்தது. தொழிற்சங்கத்தின் கிளைத் தலைவி மார்கிரட் டவுனில் ஒரு டீச்சரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டு வந்தாள். லொரியின் ஆல்டனேட்டரைப் பூட்டும்போது பட்டரியின் பொசிட்டிவ் வயரையும், லொரியின் உடம்புக்குப் போகிற எர்த் வயரையும் அவன் அசட்டையாக மாற்றிப் பூட்டினானாம். லொரி தீப்பிடிக்கப் பார்த்ததாம், தொள்ளாயிரம் கிலோ கொழுந்து ஏற்ற வழியில்லாமல், நிறுக்கிற மடுவத்திலேயே கருகியதாம். சாட்சி இரண்டு. ஒன்று, கராஜ் வேலையாள் கந்தப்பன் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம். மற்றது, யோகேஸ்வரனின் வலது உள்ளங்கையில் இருக்கும் தீக்காயம்.

அந்தக் காயத்தைச் சாட்சியாக எழுதியதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. பன்னிரண்டு நாளாக வேலை கொடுக்காமல் நிறுத்தியும் வைத்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். எஞ்சின் ஓடும்போது பட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டனேட்டர் பழுதாகி, டவுனிலிருந்து ஒரு மெக்கானிக் பாஸ் வந்து கழற்றிக்கொண்டு போனான். எந்த வயர் எது என்று ஓர் அடையாளமும் வைக்கவில்லை. திருத்திய பிறகு பொருளை மட்டும் பஸ்ஸில் அனுப்பிவிட்டான். பூட்ட வேண்டிய தடித்த வயர் இரண்டு. ஒன்று சிவப்பாகவும் மற்றது கறுப்பாகவும் இருந்த காலம் உண்டு. இப்போது இரண்டும் வெள்ளி.

அன்று மடுவம் நிறையக் கொழுந்து. சின்னத்துரை என்கிற உதவி முகாமையாளர் ஜெரோஷன் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஹட்டனில் படித்து வளர்ந்த தமிழ்ப் பையன்தான். அவருடைய தாத்தா பக்கத்து மலையில் முள்ளுக்குத்தி மண் கிளறியவர். அதை அவர் மறந்துவிட்டார், மற்றவர்கள் மறக்கவில்லை. "பூட்டு, பூட்டு" என்று அவசரப்படுத்தினார்.

"பத்து நிமிஷம் குடுங்க தொர," என்றான் யோகேஸ்வரன். தோட்டத்துக்கு வருமுன் எட்டு வருடம் ஹட்டனில் ஒரு கராஜில் ஊறியவன் அவன். "வீட்ல பல்ப் இருக்கு. ஓடிப் போய் எடுத்தாந்து பாத்துட்டுப் பூட்டுறேன்."

"பல்ப் எதுக்கு? சிவப்பு பொசிட்டிவ், கறுப்பு எர்த். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"செவப்பு எங்க இருக்குனு நீங்களே காட்டுங்க தொர."

சின்னத்துரைக்கு முகம் சிவந்தது. லொரியில் எங்காவது சிவப்பு இருந்தது என்றால் அப்போது அது ஒன்றுதான். யோகேஸ்வரன் பூட்ட முடியாது என்று ஒதுங்கி நின்றான். சின்னத்துரை கந்தப்பனைக் கூப்பிட்டார். கந்தப்பன் ஒன்றும் கெட்டவன் இல்லை. துரை இருமினாலே நடுங்குகிறவன், அவ்வளவுதான். சின்னத்துரை விரலை நீட்டிய வயரை நீட்டிய இடத்தில் பூட்டினான், கடைசியாகப் பட்டரிக் கிளாம்பையும் மாட்டினான். படீர் என்று பொறி வெட்டியது. புகை எழுந்தது. கந்தப்பன் நாலடி பின்னால் பாய்ந்தான், சின்னத்துரை எட்டடி. யோகேஸ்வரன்தான் முன்னால் பாய்ந்து, சுட்டுக்கொண்டிருந்த கிளாம்பை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தான். லொரி பிழைத்தது. உள்ளங்கைத் தோல் கிளாம்போடு போயிற்று.

அந்தக் கையைத்தான் சாட்சி என்று எழுதியிருந்தார்கள்.

பத்தே காலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி கண்டியிலிருந்து வந்திருந்தார். முப்பது வருடம் இந்த மலைகளில் துரையாக இருந்து ஓய்வு பெற்ற சிங்களவர். தோட்டத்துத் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்தத் தமிழில் 'நீ' மட்டும்தான் உண்டு, 'நீங்கள்' கிடையாது. அவருக்குப் பக்கத்தில் சின்னத்துரை உட்கார்ந்திருந்தார். மூலையில் கந்தப்பன் நின்றான். அவன் யோகேஸ்வரனின் பக்கம் திரும்பவே இல்லை. ஒரே லயம், நடுவில் ஒரு சுவர்தான். பன்னிரண்டு நாளாகக் குழாயடியில்கூட அவன் முகம் காட்டவில்லை.

"கையைக் காட்டு," என்றார் அதிகாரி.

யோகேஸ்வரன் காட்டினான்.

"பூட்டலைனா இது எப்படி வந்தது?"

"பூட்டுனவங்க ஓடிட்டாங்க தொர. கழட்டுனவனுக்குத்தான் கை வேகும்."

அதிகாரி கந்தப்பனின் வாக்குமூலத்தைப் புரட்டினார். "இதில் நீ பூட்டியதாக எழுதி இருக்கு."

"அது இங்கிலீசுல எழுதியிருக்கு. அவனுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும்."

கூடவே உள்ளே வந்திருந்த மார்கிரட் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. "ஐயா, நாங்க ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறோம்," என்றாள். "லொரி கராஜ்லதான் நிக்குது. வயர் கழட்டினது கழட்டினபடி தொங்குது. இங்க ஒக்காந்து காயிதத்தைப் பாக்குறத விட்டுட்டு அங்க வந்து லொரியைப் பாருங்க."

"லொரியில் பார்க்க ஒன்றும் இல்லை," என்றார் சின்னத்துரை, கொஞ்சம் வேகமாக.

அந்த வேகம்தான் கெடுத்தது. முப்பது வருடம் ஆட்களை மேய்த்தவருக்கு யார் எங்கே நெளிகிறார்கள் என்று தெரியாமல் போகுமா? அதிகாரி பேனாவை மூடிவிட்டு எழுந்தார். "பார்ப்போம், வா."

கராஜுக்கும் மடுவத்துக்கும் நடுவில் ஒரு முற்றம்தான். மடுவத்தில் காலைக் கொழுந்து நிறுத்து முடிந்து, சாக்குச் சாக்காக அடுக்கியிருந்தது. இந்தப் பன்னிரண்டு நாளும் பக்கத்துத் தோட்டத்து டிராக்டரைக் கெஞ்சி வாங்கித்தான் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு ஏற்றினார்கள். இன்று அதுவும் வரவில்லை. பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு முற்றத்தைப் பார்த்து நின்றார்கள். கங்காணி போகச் சொல்லிப் பார்த்தார். அவர்கள் காதில் விழவில்லை.

யோகேஸ்வரன் பொனட்டைத் தூக்கியதும் நின்றுவிட்டான். அடப் பாவிகளா என்று வாய்வரை வந்தது. மறுபடியும் பூசியிருந்தார்கள். அன்று புகைந்த இடத்தில் துணி நாடா சுற்றி, ஒன்றுக்குச் சுற்றினால் எரிந்த வயர் எது என்று தெரிந்துவிடும் என்று இரண்டுக்கும் சுற்றி, மேலே இரண்டு கோட் வெள்ளி. பெயின்ட் வாசம்கூட இன்னும் போகவில்லை.

"இது எப்போது அடித்தது?" என்றார் அதிகாரி.

"வி.ஏ. வெள்ளிக்கிழமை வருகிறார். அதற்காக," என்றார் சின்னத்துரை.

"நல்லதாப் போச்சு," என்றான் யோகேஸ்வரன். கோபம் தலைக்கு ஏறியிருந்தாலும் குரலை ஏற்றவில்லை. "அன்னைக்கு எப்படி இருந்துச்சோ இன்னைக்கும் அப்படியே இருக்கு. சின்னதொர, சின்னப் பிள்ளைக்கும் தெரியும்னு சொன்னீங்கள்ல. இந்த ரெண்டுல எது பொசிட்டிவ்? நீங்க கையக் காட்டுங்க, அதையே பூட்டுறேன். பட்டரி கிளாம்ப மட்டும் நீங்க மாட்டணும்."

சின்னத்துரை அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி வேறு எங்கும் பார்க்காமல் வயர்களையே பார்த்தார். மடுவத்திலிருந்து நாற்பது ஜோடிக் கண்கள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்த இடத்தில் பாதிக் கதை முடிந்திருக்கும். ஆனால் துரை உத்தியோகத்தில் அந்த வார்த்தையை யாரும் பழக்கிக் கொடுப்பதில்லை.

"இடது பக்கத்து வயர்," என்றார் சின்னத்துரை.

"நிச்சயமாவா தொர?"

"இடதுதான்."

யோகேஸ்வரன் சட்டைப் பையிலிருந்து பல்பை எடுத்தான். பழைய இண்டிகேட்டர் பல்பு, இரண்டு முழம் வயர், நுனியில் ஒரு கிளிப்பும் ஒரு ஆணியும். இவ்வளவுதான் பொருள். அன்றைக்கு இதை எடுத்துவரப் பத்து நிமிடம் கேட்டான். தொங்கிய இரண்டு வயர் நுனியும் எங்கும் படாமல் தள்ளி வைத்துவிட்டுப் பட்டரியை மாட்டினான். கத்தியை எடுத்து எஞ்சினில் ஒரு மூலையைச் சுரண்டினான்.

"ஏன் சுரண்டுறாய்?" என்றார் அதிகாரி.

"பெயின்ட் மேல கிளிப்பப் போட்டா பல்ப் பொய் சொல்லும் தொர. வெறும் இரும்புல போட்டாத்தான் உண்மை வரும்."

இரும்பு தெரிந்ததும் கிளிப்பை அதில் கடிக்க விட்டான். "இப்ப ஒரு பக்கம் லொரி ஒடம்புல இருக்கு. பொசிட்டிவ் வயரத் தொட்டா எரியும், எர்த்தத் தொட்டா எரியாது. சின்னதொர சொன்னது இது."

இடது வயரின் நுனியில் ஆணியை வைத்தான். பல்பு செத்துக் கிடந்தது. அழுத்தி வைத்தான், திருப்பி வைத்தான். எரியவில்லை.

வலது வயரைத் தொட்டான். பல்பு பளிச்சென்று எரிந்தது.

மடுவத்தில் யாரும் கை தட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. ஒரு பெண் மட்டும் பக்கத்தில் நின்றவளிடம், "எரியுதுடி," என்றாள்.

"இதோட முடியல தொர," என்றான் யோகேஸ்வரன். "எரியாத வயரு எர்த்தாவும் இருக்கலாம், உள்ளுக்குள்ள அறுந்தும் இருக்கலாம். அதனால அந்தப் பக்கமும் கேக்கணும்." கிளிப்பை எஞ்சினிலிருந்து எடுத்துப் பட்டரியின் பொசிட்டிவ் முனையில் மாட்டினான். ஆணியை இடது வயரில் வைத்தான். இப்போது அது எரிந்தது. "இதுதான் எர்த். சின்னதொர சொன்னபடி இத ஆல்டனேட்டர்ல பொசிட்டிவ் எடத்துல பூட்டி, அந்த வயர ஒடம்புல பூட்டியிருந்தா, பட்டரி முழுசும் லொரி ஒடம்புல எறங்கியிருக்கும். அன்னைக்கு நடந்தது அதுதான்."

பட்டரிக் கிளாம்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சட்டென்று திரும்பினார். "கந்தப்பன். யார் பூட்டினது?"

எல்லோருக்கும் பின்னால் நின்ற கந்தப்பன் முன்னுக்கு வந்தான். பதில் வராது என்றுதான் யோகேஸ்வரன் நினைத்தான். வந்தது.

"நான்தான் தொர. சின்னதொர கையக் காட்டுனாரு, நான் பூட்டுனேன். அப்புறம் காயிதத்தக் குடுத்து, போடாட்டி வேலை இல்லைனு சொன்னாங்க. போட்டுட்டேன்."

சின்னத்துரை இங்கிலீஷில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். இருவரும் லொரிக்கு அந்தப் பக்கம் போய் ஐந்து நிமிடம் தணிந்த குரலில் பேசினார்கள். மார்கிரட் யோகேஸ்வரனின் தோளைத் தட்டினாள். பன்னிரண்டு நாளில் முதல்முறையாக அவனுக்கு மூச்சு முழுசாக உள்ளே போய் வந்தது. வினோதாவுக்குப் போன் பண்ண வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

அதிகாரி திரும்பி வந்தார். முகத்தில் கஷ்டமான வேலையைச் சுலபமாக முடித்தவரின் திருப்தி.

"யோகேஸ்வரன், உன் மேலே குற்றம் இல்லை. நாளைக்குக் காலைப் பெரட்டுக்கு வேலைக்கு வா. பன்னிரண்டு நாள் பேரும் சம்பளத்தோடு போடச் சொல்கிறேன். இதில் கையெழுத்துப் போட்டுவிட்டு லொரியைப் பூட்டு, கொழுந்து நிற்குது."

"அப்ப குத்தம் யாரு மேலங்க?"

"கந்தப்பன் மாற்றிப் பூட்டியிருக்கான். அதோடு பொய் வாக்குமூலம் கொடுத்திருக்கான். அவனுக்குத் தனியாகக் கடிதம் வரும்."

கந்தப்பன் அப்படியே டயருக்குப் பக்கத்தில் குந்திவிட்டான்.

யோகேஸ்வரன் அவனைப் பார்த்தான். பார்த்ததும் பாவம் என்று தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், நல்லா வேணும் என்றுதான் தோன்றியது. நடுவில் ஒரு சுவரை வைத்துக்கொண்டு இவன் பன்னிரண்டு இரவு எப்படித் தூங்கினான்? என் பிள்ளைகள் ரோட்டுக்குப் போகட்டும் என்றுதானே கையெழுத்துப் போட்டான்? கையெழுத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். வினோதா சோறு வைத்திருப்பாள். யாரும் அவனை ஒரு குறை சொல்ல மாட்டார்கள்.

சின்னத்துரை கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இன்று ஒரு குறையும் இல்லை. பூசச் சொன்னவருக்கும் இல்லை, கையை நீட்டியவருக்கும் இல்லை. மறுபடி பூசி மூடியவருக்கும் இல்லை. இவன் இல்லாவிட்டால் அவன், அவ்வளவுதானே. செக்ரோலில் ஒரு பேரை வெட்டினால் சரி, அது எந்தப் பேர் என்பதில் அவர்களுக்கு ஒரு கவலையும் கிடையாது. அதை நினைத்தபோதுதான் யோகேஸ்வரனுக்குக் கந்தப்பன் மேலிருந்த கோபம் இடம் மாறி உட்கார்ந்தது.

பல்பின் வயரைச் சுற்றிச் சட்டைப் பையில் போட்டான். கத்தியை மடக்கினான். பொனட்டை மெதுவாக இறக்கி மூடினான்.

"என்ன செய்யிறாய்?" என்றார் அதிகாரி.

"நான் பூட்டல தொர, ஓட்டவும் மாட்டேன். கையெழுத்தும் போடல."

"உனக்குத்தான் குற்றம் இல்லை என்று சொல்லிவிட்டேனே."

"இவனுக்கும் இல்லனு எழுதுங்க. வயரு எல்லாம் ஒரே நெறத்துல பூசினது யாரு உத்தரவுனு எழுதுங்க. பாத்துப் பூட்ட நேரம் கேட்டதுக்கு யாரு குடுக்கலைனு எழுதுங்க. கையக் காட்டுனது யாருனும் எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க. இல்லைனா என் பேரையும் இவன் பேரோட சேத்து வெட்டிருங்க."

"டவுனிலிருந்து ஆள் கூப்பிடலாம், சார்," என்றார் சின்னத்துரை.

"கூப்பிடுங்க தொர. மூணு மணித்தியாலம் ஆகும். போன தடவ அந்த ஆளு கழட்டுனதுதான் இது."

மார்கிரட் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மடுவத்துப் பக்கம் திரும்பினாள். "என்னாடி சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டாள். முன் வரிசையில் நின்றவள் தன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவளும் உட்கார்ந்தாள். பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள். கங்காணி எதையும் காணாதவர் மாதிரி தேயிலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி மடுவத்துக்குப் போய் ஒரு சாக்கின் வாயை விலக்கி உள்ளே கையை விட்டார். உள்ளே எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு மணித்தியாலம் தாண்டினால் அது தேயிலை ஆகாது, குப்பைதான். கையை வெளியே எடுத்து, விரலை முகர்ந்து பார்த்தார். சின்னத்துரையைக் கூப்பிடவில்லை. கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"ஒரு தாள் எடு. நான் சொல்லச் சொல்லத் தமிழில் எழுது."

எழுதி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. மார்கிரட் அதை வாங்கி மடுவத்துக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வாசித்தாள். வயர்களின் நிறம் தெரியாதபடி பூசியது நிர்வாகத்தின் உத்தரவு. சோதித்துப் பார்க்க டிரைவர் கேட்ட அவகாசம் மறுக்கப்பட்டது. எந்த வயர் என்று காட்டியவர் உதவி முகாமையாளர். தொழிலாளர் இருவர் மீதும் குற்றம் இல்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டார். பேனாவைச் சின்னத்துரையிடம் நீட்டினார்.

"தெரியாதுனு அன்னைக்கே சொல்லியிருக்கலாம் தொர," என்றான் யோகேஸ்வரன். "நாங்க யாரும் சிரிச்சிருக்க மாட்டோம்."

சின்னத்துரை கையெழுத்துப் போட்டார்.

யோகேஸ்வரன் பொனட்டைத் தூக்கினான். வலது வயரை ஆல்டனேட்டரின் பொசிட்டிவ் ஆணியில் மாட்டி இறுக்கினான், இடது வயரை எர்த் ஆணியில். இழுத்துப் பார்த்தான். காய்ந்தும் காயாமலும் இருந்த உள்ளங்கைத் தோல் ஸ்பேனரில் பட்டு வலித்தது. பட்டரியை மாட்டினான். வெட்டவில்லை, புகையவில்லை. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. டாஷ்போர்டில் பட்டரியின் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. சார்ஜ் ஏறுகிறது.

பெண்கள் எழுந்து சாக்குகளை ஆளுக்கொரு கை பிடித்து ஏற்றினார்கள். ஏற்றி முடிந்தும் கந்தப்பன் டயருக்குப் பக்கத்திலேயே நின்றான். சாக்கைப் பிடித்து இறக்க லொரியோடு போகிற ஆள் அவன்தான். ஆனால் ஏறுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

"அண்ணே," என்றான். "அண்ணே, நான்..."

யோகேஸ்வரன் பக்கத்துக் கதவை உள்ளிருந்தே தள்ளித் திறந்துவிட்டான்.

"ஒன்கூட நான் பேசல. எப்பப் பேசுவேன்னும் தெரியாது," என்றான். "ஏறு. கொழுந்து சூடாவுது."